பிந்தி வந்த மேளம்

இந்த ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "எந்த ப்ளகின் நல்லது மேடம்?" என்பதுதான். மருந்துக்கடையில் போய் நின்று எந்த மாத்திரை நல்லது என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. என்ன வியாதிக்கு என்று திருப்பிக் கேட்டால் முகத்தைச் சுருக்கிக்கொள்கிறீர்கள். ஸ்டூடியோவை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள் போல. நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஒலியைத் திருத்த மென்பொருளில் செருகிக்கொள்ளும் இந்த ப்ளகின்களைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் ஒன்றுதான். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். இரைச்சலை நீக்குகிற ப்ளகின் இருக்கிறதே, அதற்கு அடுத்து வரப்போகும் சத்தத்தை எட்டிப் பார்த்தால்தான் எதை வெட்டுவது, எதை விடுவது என்று புரியும். பார்த்து முடிக்கிற வரைக்கும் சத்தத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கும். அதனால் அந்த ஒலி பதிவான தடம் மட்டும் மற்றத் தடங்களைவிடப் பிந்தி ஒலிக்கும். உங்கள் மென்பொருள் இப்போது தானே கணக்குப் போட்டு, முந்தி வருவதை நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. எங்கள் காலத்து மென்பொருளுக்கு அந்த நல்ல புத்தி வரவில்லை. நாங்கள்தான் ஒவ்வொரு தடமாகப் பிடித்து முன்னால் இழுத்து வைக்க வேண்டும்.

திருவிழாவில் தெரு நெடுகக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கம்பம் பாடி முடித்த வரியை எட்ட இருக்கிற கம்பம் அப்போதுதான் பாடிக்கொண்டிருக்கும். பாடியவர் ஒரே ஆள், பாடியது ஒரே தடவை. அதைக் கேட்டுவிட்டு, இந்த ஆளுக்குத் தாளம் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால் சிரிப்போம் அல்லவா? ஸ்டூடியோவுக்குள் அதையே சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. அங்கே ஒருவருடைய பிழைப்பு போய்விடும். அப்படிப் போக இருந்த ஒரு பிழைப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வேங்கிக்காலில் வாடகை வீட்டின் இரண்டு அறைகளில் என் ஸ்டூடியோ இருந்தது. சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சில காலம் கேபிள் சுருட்டியவள் நான். அந்தத் தைரியத்தில் ஊருக்கு வந்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்திப்பாட்டுக்காரர்கள். கார்த்திகையில் மலைத் தீபம் நெருங்கினால் சாப்பிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அந்த வருடம் தீபத்துக்கு ஒரு ஸிடி போட வந்தவர் முனிரத்தினம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்கு கேசட் கடை. அடுத்தவர் போட்ட கேசட்டை விற்று அலுத்துப்போய், தானே பாட்டுத் தயாரிக்க இறங்கியிருந்தார். சங்கீதம் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அதை ஒளிக்கவும் மாட்டார். பாட்டைப் போடச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிரே சுவருக்குச் சுவர் நடப்பார். கால் தானாகப் போனால் பாட்டு நல்ல பாட்டு.

"எங்கிட்ட வாங்கறவன் உக்காந்து கேக்கறவன் கெடையாது மேடம். நடந்துகினே கேக்கறவன். அவன் காலுக்குப் புடிக்கணும்" என்பார்.

இந்தப் பரீட்சையில் பல அசட்டுப் பாட்டுகள் தேறியிருக்கின்றன. அருமையான ஒரு தாலாட்டைக் "கால் வரல" என்று ஒரே வார்த்தையில் தள்ளியும் இருக்கிறார். தாலாட்டுக்கு யார் நடப்பார்கள் என்று கேட்டேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் நடக்க மாட்டார்களா என்றார். அவரோடு வாதாடிப் பயனில்லை என்று அன்றே விட்டுவிட்டேன்.

இந்த ஸிடிக்குத் தவில் வாசிக்க வந்தவர் ஏகாம்பரம். கீழ்பென்னாத்தூர்க்காரர், அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். சில மாதங்களுக்கு முன்னால் மொபெட்டில் போகும்போது மாடு குறுக்கே வந்து கீழே விழுந்திருந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. தலையிலும் அடி, காதுக்கு மேலே தையல் போட்டிருந்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அவர் வாசிக்கும் முதல் வேலை இதுதான்.

அவர் பல வருடங்களாக நாதஸ்வரம் ஊதும் ஒரே நாயனக்காரருக்குத்தான் வாசித்துவந்தார். விழுந்ததும் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். கல்யாணங்கள் காத்திருக்காதே, நாயனக்காரரைக் குறை சொல்ல முடியாது. கை சரியாகிவிட்டது என்று ஏகாம்பரம் போய் நின்றபோது அவர் சொன்ன பதில், "அந்த ஸிடி வரட்டும்பா. கேட்டுட்டுச் சொல்றேன்." ஆக, என் ஸ்டூடியோவில் அவர் வாசித்தது முனிரத்தினத்துக்காக மட்டும் அல்ல. மறுபடியும் மேளத்தில் உட்காருவதா, நிலத்தில் இறங்குவதா என்பது அந்த ஸிடியில் இருந்தது. வந்த அன்றே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டார். 

பாடும் பெண் முன்பே பாடிவிட்டுப் போயிருந்தாள். அவள் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு ஏகாம்பரம் வாசிக்க வேண்டும். தவிலுக்கு இரண்டு பக்கம் என்பது தெரிந்ததுதான். இடது பக்கம் குச்சி, வலது பக்கம் தொப்பி போல் கடினமான கூடு மாட்டிய விரல்கள். பக்கத்துக்கு ஒரு மைக் வைத்து இரண்டையும் தனித்தனித் தடங்களில் பதிவு செய்தேன்.

முதல் பாட்டு நடுத்தர வேகம். பாதியில் கரண்ட் போனது. ஐப்பசி மழை, எதிர்பார்த்ததுதான். இன்வெர்ட்டரில் ஓட்டி முடித்தோம். ஆனால் இன்வெர்ட்டரின் ரீங்காரம் இரண்டு தவில் தடங்களிலும் ஏறிவிட்டது. இரண்டாவது பாட்டு வேகமானது. அதற்குள் கரண்ட் வந்துவிட்டதால் பதிவு சுத்தமாக இருந்தது. மதியம் முதல் பாட்டின் தவிலுக்கு மட்டும் இரைச்சல் நீக்கும் ப்ளகினைப் போட்டு, ரீங்காரம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடங்களை முன்னால் இழுத்து வைக்கும் வேலை இன்னும் மிச்சம். அந்த நேரத்தில் முனிரத்தினம் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றினார்.

"போடுங்க மேடம், பாக்கலாம்" என்றார்.

இன்னும் முடியவில்லை என்று நான் சொல்வதற்குள் ஏகாம்பரம், "போட்டுக் காட்டுங்கமா" என்றார். வாசித்தவருக்குக் கேட்க ஆசை இருக்காதா. போட்டேன்.

முனிரத்தினம் சுவருக்குப் போனார், திரும்பினார், பாதியில் நின்றார். மறுபடி நடந்தார். "கால் இடறுதே மேடம். பாட்டு முன்னாடி போவுது, மேளம் பின்னாடி வருது" என்றவர், தவில்காரர் பக்கம் திரும்பினார். "இன்னா ஏகாம்பரம், கை இன்னும் செட்டாவலயா? சொல்லிட்டா நான் வேற ஆளப் பாத்துக்குவேன் இல்ல? தீபத்துக்கு நாள் கம்மியா கெடக்குது."

அவர் மோசமான மனிதர் அல்ல. மனதில் பட்டதை அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிற ரகம்.  ஏகாம்பரம் விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மிஷின் பண்ற வேலைங்க இது, அவர் பண்ணல" என்று நான் சொன்னேன். ப்ளகினை எடுத்துவிட்டு அதே பாட்டை மறுபடி போட்டேன். இன்வெர்ட்டர் ரீங்காரம் கேட்டது, ஆனால் மேளம் பாட்டோடு ஒட்டி நின்றது. முனிரத்தினம் நடந்தார். இந்தத் தடவை கால் நிற்கவில்லை, கதவு வரைக்கும் போய்விட்டார்.

"இப்ப கரெக்டு" என்றார். "மிஷினு இப்பிடிக்கூட பண்ணுமா? சரி, அடுத்த பாட்ட ரெடி பண்ணுங்க, டீ சொல்லிட்டு வந்துடறேன்." ஏகாம்பரத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மன்னிப்பெல்லாம் அவர் அகராதியில் அந்த அளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ப்ளகின் செய்யும் தாமதம் பாட்டு முழுக்க ஒரே அளவாக இருக்கும். முதல் அடியில் எவ்வளவு பிந்துகிறதோ, கடைசி அடியிலும் அவ்வளவேதான். மிஷினுக்குக் களைப்பு கிடையாது, பயமும் கிடையாது. மனிதன் பிந்தினால் ஏறும், இறங்கும், ஓர் இடத்தில் காணாமல் போய் இன்னோர் இடத்தில் தலைகாட்டும். எது எவருடைய தாமதம் என்று தெரியாமல் தடத்தைத் தொடாதீர்கள். இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்ததால்தான் அடுத்த சில நிமிடங்கள் எனக்கு அவ்வளவு கஷ்டமாகப் போயின.

இரண்டாவது பாட்டைப் போட்டேன். பல்லவியில் ஒன்றுமில்லை. சரணத்துக்குப் போனதும் ஏதோ இடித்தது. அதில் எந்தத் தடத்திலும் ப்ளகின் கிடையாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சரணத்தின் தொடக்கத்தில் லேசான பிசகு, போகப் போக ஜாஸ்தி, பல்லவிக்குத் திரும்பியதும் சரி. அடுத்த சரணத்திலும் அதே கதை. இது மிஷினின் வேலை அல்ல என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

முனிரத்தினம் டீயோடு வந்துவிடுவார். வந்தால் நடப்பார். அதற்குள் பிசகிய அடிகளை வெட்டி, மவுஸால் இழுத்து முன்னால் வைத்துவிட என்னால் முடியும். கை பழகிய வேலை. வைத்துவிட்டு, இதுவும் மிஷின்தான் என்று சொல்லலாம். முதல் பாட்டில் அதுதான் உண்மையாக இருந்தது, இதிலும் நம்பிவிடுவார்கள். அந்த மனிதர் கூடுகளைக் கழற்றி மடியில் வைத்ததை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனமில்லை. இன்னொரு பக்கம், இந்த ஸிடியை நாயனக்காரர் கேட்பார். கூப்பிட்டுக் கல்யாணத்தில் உட்கார வைப்பார். அங்கே வேகம் ஏறும்போது பந்தல் நிறைய ஜனம் இருக்கும், இழுத்து வைக்க மவுஸ் இருக்காது. இன்று ஒரு அறைக்குள் படுகிற அவமானத்தை அன்று நாலு பேர் முன்னால் படுவார். உங்களில் சிலர் இழுத்து வைப்பதுதான் இரக்கம் என்பீர்கள். நானும் மவுஸில் கையை வைத்துவிட்டேன், அதை மறுக்கவில்லை.

ஏகாம்பரம் என் கையைப் பார்த்தார். "அந்தப் பாட்டுல மிஷினு. இதுல?" என்று கேட்டார்.

என் கை மவுஸை விட்டு நகரவில்லை. அதுவே அவருக்குப் பாதி பதிலாகிவிட்டது.

"மறைக்காதீங்கமா. எனக்கே தெரியுது. வீட்ல வாசிக்கும்போதும் எங்கியோ ஒதைக்குது. எங்கன்னுதான் புடிபடல" என்றார். பிறகு காதுக்கு மேலே தையல் போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினார். "கை போனா போவுது, பழக்கினா வந்துரும். விழுந்தப்ப இங்கதான் செம அடி. ஸ்கேன் எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. தாளம் ஸ்கேன்ல தெரியுமா? உள்ள ஓடிக்கினு இருக்கற தாளம் போயிருச்சோன்னு பயமா இருக்குமா. வெளிய யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரிக்குத் தெரியும். நான் தவில எடுத்தாலே அடுப்படியிலேர்ந்து வந்து வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறா. ஒண்ணும் கேக்க மாட்டா, பாத்துட்டுப் போவா."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். இவருக்கு 'மிஷின்தான்' என்று சொன்னால் அது மருந்தாகாது என்று அப்போது புரிந்தது. மிஷின் இல்லாத தன் வீட்டிலேயே உதைக்கிறது என்கிறார். என் பொய்யை வாங்கிக்கொண்டு போய், தவிலை எடுக்கும்போதெல்லாம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுல மிஷின் இல்லண்ணா. நீங்கதான் பிந்தறீங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். அதை அவர் எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.   அப்போதுதான், பெரிதாக்கி வைத்த திரையில் நான் ஒன்றாகவே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு தடங்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். மேலே குச்சி, கீழே விரல். குச்சியின் அடிகள் எல்லாம் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தது மாதிரி நின்றன. விரல்களின் அடிகள் மட்டும் சரணம் போகப் போகப் பின்னால் சரிந்தன.

"அண்ணா, ரெண்டு கையும் பிந்தல. ஒரு கைதான்" என்றேன்.

நிமிர்ந்தார். "எந்தக் கை?"

"வலது."

"குச்சி?"

"குச்சி இம்மி பிசகல."

"குச்சிய மட்டும் போடுங்க."

விரல் தடத்தை ஊமையாக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் குரலையும் குச்சியையும் மட்டும் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். சரணம் வந்தது, வேகம் ஏறியது, தொடையில் விழுந்த கையும் குச்சியும் ஒன்றாகவே விழுந்தன. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார். 

"ரெண்டு கைக்கும் ஒரே தலைதானேமா சொல்லுது?" என்றார். குரல் உடைந்திருந்தது. "தலையில போயிருந்தா ரெண்டுந்தானே பிந்தணும்?"

"ஆமாண்ணா."

"குச்சி நிக்குது."

"நிக்குதுண்ணா."

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீயோடு வந்த முனிரத்தினத்திடம் ஏகாம்பரமே, வலது கை இன்னும் தேறவில்லை, சரணத்தில் விரல் வேலையைக் குறைத்துக்கொண்டு குச்சியில் ஓட்டுகிறேன் என்று சொன்னார். முனிரத்தினம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். மறுபடி எடுத்தோம். எடுத்ததில் நான் எந்த அடியையும் தொடவில்லை. நாயனக்காரரிடமும், ஸிடி போய்ச் சேர்வதற்கு முன்பே ஏகாம்பரம் நேரில் போய் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் தீபத்தில் அவர் நாயனக்காரர் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த வருடம் உட்கார்ந்தார். இடையில் அவர் எவ்வளவு சாதகம் செய்தார், எவ்வளவு எண்ணெய் தேய்த்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அன்று அந்த நேரத்தில் அவர் செய்தது வேறு. டீ இன்னும் வரவில்லை, மழை விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு போன் பண்ணிக்கலாமா மேடம்?" என்று கேட்டார். அதுவரை 'அம்மா' என்றவர், போனுக்காக மேடம் ஆக்கினார். மேசை போனை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மளிகைக்கடைக்குப் போட்டு, வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். நான் திரையைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். அவள் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

"கைதான்டி" என்றார் ஏகாம்பரம். "தலையில ஒண்ணும் இல்ல. கைதான்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"ஏன்டி அழுவற? கைதான்னு சொல்றேன் இல்ல" என்று சிரித்துக்கொண்டே, உடைந்த கையால் ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சொன்னார்: "கைதான்டி."